வனத்து அந்தோணியாரின் பன்றி

நல்ல பன்றி கிடைப்பது கஷ்டம், சாமி. மாடு கிடைக்கும், ஆடு கிடைக்கும், கழுதைகூடக் கிடைக்கும். டிசம்பர் பிறந்தால் திண்டுக்கல் கடைவீதியில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைக் குவித்து வைத்து விற்கிறார்கள். ஆனால் குடிலில் யாரும் பன்றி வைப்பதில்லை. பெத்லகேமில் பன்றி வளர்த்திருக்க மாட்டார்கள் என்பதால் அதை நான் குறையாகச் சொல்ல முடியாது.

நீங்கள் இந்தப் பங்குக்குச் சாமியாராக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நம் கோயிலின் நூற்றாண்டு மலருக்கு வனத்து அந்தோணியார் சுரூபத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னீர்கள். "காலடியில ஏதோ அறுத்து எடுத்த தழும்பு இருக்கே தம்பி, அது என்னன்னும் விசாரிச்சு எழுதுங்க" என்றீர்கள். விசாரிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மனஸ்தாபம், அதாவது செய்ததற்கு வருந்துவது, வேண்டும் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். இது வரலாற்றுக் குறிப்பு.

1997-இல் எனக்கு இருபத்திரண்டு வயது. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு, தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல் நூலகத்துக்குப் போய் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் எப்போதும் பனி பெய்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு நகரத்தை எதிரிகள் சுற்றி வளைத்திருப்பார்கள். நாற்பதாம் நாள் யாராவது குதிரையைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். வெளியே வந்தால் வெயிலும் புழுதியுமாக இருக்கும். அதை நம்புவதற்கு எனக்குச் செத்த நேரம் பிடிக்கும்.

அங்கேதான் மோகன்குமார் பழக்கமானான். அவன் அப்பாவுக்குப் பூட்டுப் பட்டறை. வீட்டு மாடியில் பழைய டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று கிடந்தது. அதன் மேல் 1340-ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கோட்டை ஒன்றையும் அதன் அடிவாரத்தில் ஒரு கிராமத்தையும் கட்டினோம். அங்குல உயர மனிதர்களை மோகன்குமார் ஈயத்தில் வார்த்தான். வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள், ரொட்டி சுடும் பெண்கள், குழந்தைகள் எல்லாரும் உண்டு. கோட்டை எனக்கு, முற்றுகையிடும் படை அவனுக்கு. தாயக்கட்டை உருட்டி ஆடுவோம். கோட்டைக்குள் எத்தனை கால்நடை இருக்கிறதோ அத்தனை நாளுக்கு என் ஆட்களுக்குச் சாப்பாடு. ஒரே ஒரு விதிதான் கறாரானது. அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் மேஜை மேல் இருக்கக் கூடாது.

மோகன்குமார் இந்த விதியை வைத்தே என்னைத் தோற்கடிப்பான். ஒரு வான்கோழி வைத்தேன். "வான்கோழி அமெரிக்காவுல இருந்து வரணும்டா. கொலம்பஸோட தாத்தாவே இன்னும் பொறக்கல" என்று தூக்கி வெளியே போட்டான். குடில் மாடுகளுக்குத் திமில் இருந்தது, ஐரோப்பிய மாட்டுக்குக் கிடையாது. பதினான்கு மாடுகளின் திமிலையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அதற்கு ஒரு வாரம் ஆனது. பிறகு கடையில் ஒரு பிளாஸ்டிக் பன்றி வாங்கி வைத்தேன்.

"இது பன்னியாடா? குளிக்கிற சோப்பு மாதிரி இருக்கு."

அதுவும் ஜன்னல் வழியாகச் சாக்கடைக்குப் போனது. அவன் சொன்னது நியாயம்தான். அந்தக் கொழுத்த ரோஸ் நிறப் பன்றி நானூறு ஐந்நூறு வருடம் கழித்து உருவானது. ஆனால் பன்றியே இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு கிராமம் இருந்திருக்க முடியாது. ஈயத்தில் வார்த்துப் பார்த்தோம். எத்தனை முறை வார்த்தாலும் பெருச்சாளியாகவே வந்தது.

நூலகத்தின் பழைய புத்தகம் ஒன்றில் அக்காலத்து ஓவியம் கிடைத்தது. ஒடுங்கிய வயிறு, நீண்ட மூக்கு, நேரான வால், முதுகுத்தண்டு நெடுகப் பிரஷ் போல மயிர். எனக்கு அதை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நம் ஊர் ஓடைக்கரையில் சடையாண்டி வளர்த்த பதினொரு பன்றிகளும் அதே சாயல்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சடையாண்டியே ஒரு தாய்ப்பன்றியின் காதைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"ஏன் தம்பி, வாத்தியாரு வீட்டுப் பிள்ளை பன்னிய அளக்குறீகளே, அதுக்குச் சட்டை கிட்டை தைக்கப் போறீகளா?"

அவர் மகள் பொன்னழகு குடிசை வாசலில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கால் உயரமும் உடல் நீளமும் ஓவியத்தோடு ஏறத்தாழப் பொருந்தின. இனி எனக்கு வேண்டியது அதே பன்றி, ஓர் அங்குலத்துக்குள்.

கோயில் சாவி அப்போது எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். என் அப்பா ஞானராஜ் இங்கே வாத்தியார். சாமியார் மாதம் ஒரு முறைதான் வருவார். ஜனவரித் திருநாளுக்குச் சுரூபத்தைத் துடைத்து வைக்கச் சொல்லி அப்பா என்னை அனுப்பினார். நூறு வருடத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மரச் சுரூபம் அது. முழ உயரம். கையில் கோல், கோலில் மணி, காலடியில் ஒரு பன்றி. சிறு வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கவனித்ததில்லை. முதுகு மயிரை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தார்கள். அளவில்தான் பிழை செய்திருந்தார்கள். புனிதரின் பக்கத்தில் அது எலி. என் வீரர்களின் பக்கத்தில் அது பன்றி.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, பட்டறையில் வாங்கிய ரம்பத் தகட்டால் அறுத்தேன். ஏழு நிமிடம் ஆனது. அந்தோணியாரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

திருநாள் வழக்கத்தை நீங்கள் இந்த ஜனவரியில்தான் பார்ப்பீர்கள். சுற்றுப்பட்டு விவசாயிகள், நம் ஆட்கள் மட்டுமல்ல, எல்லாரும், மாடுகளை ஓட்டி வருவார்கள். சுரூபத்தின் காலடியில் ஒரு தட்டு உப்பு இருக்கும். அதில் ஒரு சிட்டிகை எடுத்து மாட்டின் நாக்கில் தேய்ப்பார்கள். அந்தத் தட்டைப் பன்றியின் மூக்குக்கு நேராகத்தான் வைப்பார்கள். அந்த வருடமும் வைத்தார்கள். மாலைகள் காலை மறைத்திருந்ததால் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

பத்து நாளில் ஊர் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயில் நுரை, குளம்பில் புண். கண்ணுசாமி என்கிற விவசாயியின் உழவு மாட்டில் ஒன்று செத்தது. அவர் கோயிலுக்கு வந்து மாலைகளை விலக்கிப் பார்த்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

"எங்க உப்பு வெறும் உப்பாப் போச்சு" என்றார் கண்ணுசாமி. "சாமி காலுல பன்னியக் காணம். ஊருல அம்புட்டு மாட்டுக்கும் நோவு வந்துருச்சு. ஒருத்தன் பன்னிக்கு மட்டும் வரல. அந்த அருளு எங்க போயி உக்காந்திருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் கடைசி வரிசையில் நின்ற சடையாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் பூட்டு உடையவில்லையே, சாவி யார் வீட்டில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை. அவர்கள் வேறொன்றைக் கேட்டார்கள்.

"தம்பி, நீ வரலாறு படிச்சவன். அந்தச் சாமி பன்னியும் இவன் பன்னியும் ஒரே இனமா?"

வரலாறு தெரிந்தவன் பொய் சொல்லக் கூடாது. "ஒரே மாதிரிதான். நான் அளந்து பாத்துருக்கேன்" என்றேன்.

சடையாண்டியின் முகம் தெளிந்தது. நான் தனக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்துவிட்டார். "ஆமாங்கய்யா, தம்பி அளந்தாரு. நாந்தான் காதப் புடிச்சுக்கிட்டேன்" என்றார்.

மறுநாள் மதியத்துக்குள் பதினொரு பன்றிகளும் இல்லை. குடிசையும் இல்லை. அந்தச் சிறிய பன்றியைத் தேடித்தான் கூரையைப் பிரித்தார்களாம். கிடைக்காததால் சடையாண்டியின் வலது கையை இரண்டு இடத்தில் முறித்தார்கள். மாலை பஸ்ஸில் அவரும் பொன்னழகும் ஏறினார்கள். அவள் மடியில் ஒரு சோற்றுப் பானை இருந்தது. அதே பஸ்ஸில் நானும் திண்டுக்கல் போனேன். பன்றி என் சட்டைப் பையில் இருந்தது. அவர்கள் இருவருக்கும் நான்தான் டிக்கெட் எடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

பன்றியைக் கோட்டைக்குள் வைத்ததும் மோகன்குமார் குனிந்து வெகுநேரம் பார்த்தான். முதல்முறையாக அவன் எந்தக் குறையும் சொல்லவில்லை. "எங்க புடிச்ச?" என்றான். சொன்னேன். பஸ்ஸில் வந்தவர்களைப் பற்றியும் சொன்னேன்.

"லூசாடா நீ? வேணும்னா அச்சு எடுத்துக்க. இன்னைக்கே கொண்டு போயி ஒட்டிர்றா. ஒரு மனுசன் ஊரவிட்டே போயிட்டான்டா."

களிமண்ணில் அச்சு எடுத்தால் முதுகு மயிர் சிதைந்துவிடும் என்று விளக்கினேன். எந்த முற்றுகையிலும் மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சேதம் வரத்தான் செய்யும், அது அவனும் படித்ததுதான். அவன் கீழே இறங்கிப் போனான். அதன் பிறகு ஆட வரவில்லை. மேஜையை வண்டி பிடித்து நம் ஊருக்கே கொண்டு வந்துவிட்டேன். இந்த எட்டு வருடமாக இரண்டு பக்கமும் நானே ஆடுகிறேன். மோகன்குமாரின் படையை அவனைவிட நன்றாகவே நடத்துகிறேன்.

போன வாரம் உங்களைப் பார்க்க நெய்க்காரப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் வராந்தாவில் மலருக்கான படங்களை ஒட்டிக்கொண்டிருந்தேன். பொன்னழகுவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "அன்னைக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தவருங்க" என்று உங்களிடம் காட்டினாள். பிறகு சொன்னாள்:

"ஏனுங்க சாமி, எங்கப்பாரு இழுத்துக்கிட்டுக் கெடக்குறாருங்க. நான் எடுக்கலே, நான் எடுக்கலேன்னு அதே பேச்சுங்க. பூசையில ஒரு வார்த்தை, இவரு எடுக்கலைன்னு சொல்லிப்போட்டீங்கன்னா நிம்மதியாக் கண்ண மூடுவாருங்க."

ஆதாரம் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று நீங்கள் தயங்கினீர்கள். சரியான தயக்கம். நானாக இருந்தாலும் ஆதாரம் கேட்பேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி, பன்றியையும் இதே உறைக்குள் வைத்து, ஞாயிறு பூசைக்கு முன்னால் உங்களிடம் கொடுப்பதுதான் என் எண்ணம். சடையாண்டி நல்ல மனிதர். அவருக்கு இதைச் செய்ய நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

உறையை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனேன். மாடுகள் முடிந்துவிட்டன, சாமி. ஆடுகளும் முடிந்துவிட்டன. கோட்டைக்குள் மிஞ்சியிருக்கும் ஒரே கால்நடை அந்தப் பன்றிதான். அதை எடுத்துவிட்டால் விதிப்படி மறுநாளே கதவைத் திறந்தாக வேண்டும். மழைக்காலம் வந்தால் எதிரிப் படை தானாகக் கலைந்துவிடும் என்று நினைக்கிறேன். அதுவரை இந்தக் காகிதம் என்னிடமே இருக்கட்டும். சடையாண்டி எட்டு வருடம் பொறுத்தவர், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்.

உள்ளே இருநூறு பேர் இருக்கிறார்கள். குழந்தைகளும் உண்டு. அவர்களைப் பட்டினி போட எனக்கு மனசு வரவில்லை.