இருபத்திரண்டு நிமிடம் ஒன்பதான விவரம்

என் பெயர் மார்சி ஸாலர், வயது நாற்பத்து நான்கு, இலினாய் மாநிலம் ஜோலியட் ஊரின் கிழக்குப் பகுதியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். டிவி பெட்டிகள் வைக்கும் கிடங்கு ஒன்றில் லாரிகளுக்குச் சரக்கு எழுதி அனுப்பும் எழுத்தராகப் பதினேழு வருடமாக வேலை செய்கிறேன். செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருக்கிறது. அதைத் திருத்த, யாரும் அழைக்காமல் இன்று வியாழக்கிழமை நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

மார்ச் மாதம் எங்கள் கிடங்கை இண்டியானாவுக்கு மாற்றப் போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அதன் பிறகு நான் சப்ளை செயின் எனப்படும் சரக்குப் போக்குவரத்து வேலைகளுக்கு அறுபத்து மூன்று இடங்களில் விண்ணப்பித்தேன், ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. அதன் பிறகு வேலைவாய்ப்பு மையத்தில் டெனிஸ் ஹாலக் என்பவரிடம் என் பயோடேட்டாவைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா இது, 'சரக்கு அனுப்பினேன்'னு எழுதியிருக்கீங்க? தபால்காரரும்தான் அனுப்புறாரு. எத்தனை லாரி, எவ்வளவு நேரம் மிச்சம் பண்ணீங்க, அதப் போடுங்க. நம்பர் இல்லாத பயோடேட்டாவை மனுஷங்க பாக்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுரும்."

அவர் சொன்னது சரிதான், அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டுக்குப் போய், 'வாரம் நூற்று நாற்பது லாரிகள். வாயிலில் லாரி காத்திருக்கும் நேரத்தை இருபத்திரண்டு நிமிடத்திலிருந்து ஒன்பதாகக் குறைத்தேன்' என்று எழுதி இணையத்தில் போட்டேன். எழுதியது உண்மை. பதினேழு வருடத்தில் என் வேலை எனக்கே கண்ணில் பட்டது அன்றுதான்.

அதன் பிறகு நான்காம் நாள், வேலைக்கு ஆள் எடுப்பவர் என்று சொல்லி கிரெக் என்பவர் போனில் பேசினார். "அந்த ஒன்பது நிமிஷத்த எப்படிங்க சாதிச்சீங்க?" என்று கேட்டார். எங்கள் மேலாளர்கூட அதைக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்குப் பழக்கமான லாரி கம்பெனி என்றால், சரக்கு எடுக்க முன்கூட்டியே தரப்படும் எண்ணை ஓட்டுநர் சொன்னாலே போதும், கம்பெனிக்குப் போன் செய்து விசாரிப்பதை நிறுத்திவிட்டோம் என்று விளக்கினேன். அதன் பிறகு அவர் என் வேலைக்கு ஒரு மாதிரி அனுப்பச் சொன்னார். நானே கோடு போட்டுத் தயாரித்த வாராந்திர லாரிப் பட்டியலை, அடுத்த வாரத்துடையதுதான் அழகாக வந்திருந்ததால், அதையே அனுப்பினேன். வாடிக்கையாளர் பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் மறைத்தேன். சரக்கு எடுக்கும் எண்களை மறைக்கவில்லை. எண்கள்தான் முக்கியம் என்று என் மண்டையில் ஏறியிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டாம் சுற்றுப் பேட்டிக்கு அழைப்பதாக கிரெக் சொன்னார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு வாயில் காவலர் ஓட்டிஸ் பெட்வே எனக்குப் போன் செய்தார். நாங்கள் பதினொரு வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம்.

"மார்சிம்மா, இந்த ஆளு புதுசா இருக்கான். லாரிக் கதவுல ஒட்டியிருக்குற கம்பெனி பேரு ஓரமா உரிஞ்சு நிக்குது. ஒரு போன் போட்டுக் கேட்டுரட்டா?"

"நம்பர் சரியா இருக்குல்ல?"

"நம்பர் சரிதான். ஆளுதான் சரியில்ல."

"அட விடுங்க ஓட்டிஸ், பின்னாடி ஆறு வண்டி நிக்குது. என் ஒன்பது நிமிஷத்தக் கெடுக்காதீங்க."

"சரிங்க மகாராணி," என்று சொல்லி வாயில் கதவைத் திறந்தார். அந்த லாரியில் சரக்கை ஏற்றி அனுப்பினோம். அதன் பிறகு ஒன்று நாற்பதுக்கு அதே எண்ணுடன் உண்மையான லாரி வந்து நின்றது. கிரெக் வேலைக்கு ஆள் எடுப்பவர் அல்ல, என் பட்டியலை வைத்துச் சரக்கைத் திருடியவர் என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு போலீஸ் வந்தது. வாயில் ஏட்டில் ஓட்டிஸின் கையெழுத்துதான் இருந்தது. மார்சி விடச் சொன்னாள் என்று அவர் சொன்னார். என்னைக் கேட்டபோது, அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை என்றேன். அவரைக் கைது செய்து கூட்டிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது அவர் என்னைத் திட்டவில்லை, தொப்பியை மட்டும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை பதினொரு மணிக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பேட்டிக்கு வைத்திருந்த சட்டையைப் போட்டிருந்தேன். ஒருவேளை கிரெக் நிஜமான ஆளாக இருந்துவிட மாட்டாரா என்று மனது அடித்துக்கொண்டது. போன் அடித்தது. தொண்டையைச் செருமி, முழுப் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னேன். பேசியது ஓட்டிஸின் மனைவி வெர்னா.

"மார்சி, நான் சண்டைக்குக் கூப்பிடல. அவரோட பிரஷர் மாத்திரை வேலை செய்யுற இடத்துலதான் இருக்காம். ரெண்டு நாளா போடல. என்னை உள்ள விட மாட்டாங்க. நீ கொஞ்சம் எடுத்துக் குடுக்குறியா?"

அதன் பிறகு நான் கிடங்குக்குப் போய் மாத்திரையை எடுத்துக்கொண்டு நேராக இங்கு வந்தேன். கிரெக் என்னை ஏமாற்றியதை முதலில் எழுதினால் எனக்கு நல்லது என்று வாக்குமூலம் எழுதிக்கொள்ளும் இந்த அதிகாரி சொன்னார். வேண்டாம் என்றேன். பட்டியலை கிரெக் என்னிடம் ஏமாற்றி வாங்கினார். ஞாபகம் இல்லை என்று சொல்ல எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இவை அனைத்தையும் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன், படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. கதவைத் திறக்கச் சொன்னது நான். ஓட்டிஸ் பெட்வே சந்தேகப்பட்டார். அவர் சந்தேகப்பட்டது சரி.

(கையொப்பம்) மார்சி ஸாலர்