பாயிஜா மேடம் அடுத்த வருசம் இருப்பாங்களா?

ஹலோ... ஆமாங்க, தமிழ்மொழி அப்பாதான், அய்யனாரு... இல்லல்ல, தூங்கல. பர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சி வந்து சோத்துல கைய வச்சேன், நீங்க அடிச்சிட்டீங்க. இன்னிக்கு இது நாலாவது போனு... பிரைவேட் காலேஜிக்கு ஆளு சேக்கறவரு, உங்கள மறப்பனா கருணாகரன் சார். எங்க மாமியாரு கூட இவ்ளோ அக்கறையா போன் போட்டதில்ல.

ஆமா... ஆமா... தெரியும். கவர்மெண்டு யூனிவர்சிட்டில எடம் கெடச்சிருக்குது, நாளைக்குள்ள சேரலன்னா போச்சி. அதான் ரெண்டு நாளா வூட்ல பேச்சுவார்த்தை இல்ல... எம் பொண்ணா? அவ உங்க கட்சி. தோ, எதுர்ல உக்காந்து மொறைச்சிக்கினு இருக்கா.

ம்... ம்... உங்க காலேஜி ஏசி பார்த்தேன். தண்ணி பீச்சற குளம், நடுவுல மயிலு பொம்ம, அதையும் பார்த்தேன்.

கவர்மெண்டு எடத்துக்கா? போனேனே. அது காலேஜி இல்ல சார், ஊரு. இந்தக் கட்டடத்துலேர்ந்து அந்தக் கட்டடம் போறதுக்குள்ள செருப்பு அறுந்துபோச்சி. ஆபீஸ்ல ஒருத்தர் நிமிந்துகூட பாக்காம, பாரத்த அங்க வச்சிட்டுப் போன்னாரு... சிரிக்காதீங்க. எனக்கு அப்பதான் நம்பிக்கையே வந்துச்சி. அவ்ளோ அலட்சியமா பேசறார்னா கண்டிப்பா பர்மனெண்ட்டுதான். பத்தொம்பது வருசமா நெலக்கரி மைன்ஸ்ல, மண்ணு ஓடற பெல்ட்டுக்கு அடியில கான்ட்ராக்ட்ல மண்ணு வாரறவன், எனக்குத் தெரியாதா? கான்ட்ராக்ட் ஆளுதான் பல்லக் காட்டிக்கினு நிப்பான். உங்க எடத்துல வாட்ச்மேன்லேர்ந்து எல்லாரும் சிரிக்கறாங்க. பகீர்னு ஆயிடுச்சி... உங்களையும் சேத்துதாங்க.

கோவிச்சிக்காதீங்க... சரி, சரி.

ஏசி இல்ல சார் விசயம். உங்ககிட்ட கிளாஸுக்கு முப்பது பேருதானாமே. பாடம் எடுக்கற பாயிஜா மேடம் அரமணி நேரம் உக்கார வச்சி இவகிட்ட பேசினாங்களாம், மறுபடி பார்த்தப்ப பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். யூனிவர்சிட்டில இவளுக்கு டோக்கன் நம்பரு நானூத்திப் பன்னெண்டு... அதான, நானும் முக்காவாசி உங்க பக்கம் சாஞ்சிட்டேன். நாப்பது வயசுல எழுத்துக் கூட்டக் கத்துக்கினவன் நான், இவ பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுத்துதான். அந்த அரும எனக்குத் தெரியும்.

ஆனா நீங்க பளபளன்னு ஒரு புக்கு குடுத்தீங்களே... முழுசா படிச்சிட்டேன்... ஏன், யாரும் படிக்கமாட்டாங்களா? எனக்கு எழுத்து லேட்டா வந்துச்சி சார், ஒண்ணையும் வுட மனசு வராது. பெரிய எழுத்துக்கு ஒரு நாளு, கடைசிப் பக்கத்துச் சின்ன எழுத்துக்கு ரெண்டு நாளு. அதுல, ஆசிரியருங்க மாறலாம்னு போட்டிருக்குது. அப்ப பாயிஜா மேடம் அடுத்த வருசம் இருப்பாங்களா?

வைபை இருக்கட்டும் சார்... பஸ்சும் இருக்கட்டும்... பக்கத்துலதான் இருக்காங்களா? குடுங்க, குடுங்க.

வணக்கம் மேடம், தமிழ்மொழி அப்பா... நல்லா இருக்கா... சார் கிட்டயே நிக்கறாரா? அப்ப உம் மட்டும் கொட்டுங்க. சூப்பர்வைசர் நின்னா நாங்களும் அப்பிடித்தான்... நீங்க கான்ட்ராக்ட்டா?... ஒரு வருசமா?... அதுக்கும் கம்மியா? பதினோரு மாசம்?... ஒரு நாளு வூட்ல உக்கார வச்சிட்டுத் திரும்ப எடுப்பாங்களா?... நமக்கெல்லாம் ஒரே சட்டந்தான் போல.

அடுத்த வருசம் இருப்பீங்களா?... இருமல் வந்துடுச்சா?... சரி, புரிஞ்சிபோச்சி.

தள்ளிப் போயிட்டாரா? சொல்லுங்க, மெதுவா... என்னா?... நீங்களும் அந்த யூனிவர்சிட்டிக்குத்தான் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா? எந்த டிபார்ட்மெண்டு?... அட, இவளும் அதேதான மேடம்.

இந்தா புள்ள, மொறைச்சது போதும், சர்ட்டிபிகேட்ட எடுத்துப் பையில வையி. காலைல மொத பஸ்சு... உன் மேடமும் அங்கதான் வரப் பாக்கறாங்க, எடு.

உங்களத்தான் மேடம், வேல கெடச்சா இவ பேர மறந்துடாதீங்க... ம்... வந்துட்டாரா? குடுங்க.

சார், மேடம் உங்க காலேஜப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல. மனசு தெளிஞ்சிடுச்சி... ஆமாங்க, நாளைக்குக் காலைலயே சேத்துடறோம்... எங்கயா?... ஹலோ... கேக்கல சார்... இங்க டவரு ஒரு மாதிரி... சோறு வேற ஆறிப்போச்சி. வச்சிடறேன்.