ஆறாவது கண்ணாடி

இல்ல தம்பி, தொப்பியெல்லாம் தொலைக்கல. எல்லாரும் வெளிய போகட்டும்னுதான் உக்காந்திருந்தேன். அடுத்த ஆட்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்குல்ல? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இப்ப அந்தப் படகுப் பாட்டைப் பாடுனப்ப திரையில ஒவ்வொரு படமா போட்டீங்களே, அதுல நாலாவது கண்ணாடிப் படம். துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு சிரிக்கிறாளே. அது எப்ப எடுத்தது?

சும்மா கேக்கல. அவ என் பொண்ணு.

வாராவாரம் ரெண்டு பேராவது வந்து படத்துல வர்ற பொண்ணைக் கட்டிக்கிறேன்னு சொல்றாங்களா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. அப்பன்னு சொல்லிக்கிட்டு வந்தவன் நான்தான் முதல் ஆளா? குடிச்சிருக்கேனான்னு மோந்து பாக்காதீங்க தம்பி, கரி வாசனைதான் வரும். கோமர் ப்ராசர், நாலாம் நம்பர் சுரங்கம். வேல்ஸ்லேர்ந்து பத்தொம்பது வயசுல வந்தேன், முப்பத்தோரு வருஷமா இந்த பென்சில்வேனியா மண்ணுக்கடியிலதான் இருக்கேன். பொண்ணு பேரு ஓல்வென். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் எடுங்க. விளக்குக்கு நேரா பிடிங்க. இடது கை சுண்டுவிரல். வளைஞ்சிருக்கா? துணி பிழியிற உருளையில மாட்டுனது, ஆறு வயசுல. எதைப் பிடிச்சாலும் அந்த விரல் மட்டும் சேராது.

இப்ப என்ன குழப்பம்னா, அவ செத்துட்டா. செத்தவ எப்படிப் புதுப் பாட்டுல படகு ஓட்டுறா? முன்னாடியே எடுத்து வச்ச படமா? அதைத்தான் கேக்கறேன்.

யாரும் சொல்லல, நானே பாத்தேன். இதே கொட்டகையில, போன நவம்பர்ல. அப்ப நீங்க இல்ல, மிஷின்ல வேற ஒரு மீசைக்காரர் இருந்தாரு. நான் இங்கெல்லாம் வர்ற ஆளே இல்ல. எங்க சபையில இதைச் சாத்தான் வீட்டுக் கூடம்னு சொல்லுவாங்க. கூட வேலை பாக்கறவன்தான், நம்ம வேல்ஸ்காரன் ஒருத்தன் பாடுறான், அஞ்சு செண்டுதான், வந்து குரலை மட்டும் கேளுன்னு இழுத்துட்டு வந்தான். ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லுன்னு ஒரு பாட்டு. தெரியாம இருக்குமா? அப்ப பால்காரன் சீட்டியிலயும் அதுதான், சலவைக்காரி வாயிலயும் அதுதான். கப்பல்காரன் ஒருத்தன் ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டுப் போறான். ஞாயிறு ஞாயிறா போகுது. கடைசியில அவன் வந்து நிக்கிறான், அவ பெட்டிக்குள்ள இருக்கா.

குரல் நல்ல குரல். நான் கண்ணை மூடிட்டுத்தான் கேட்டேன். திரையைப் பாத்தாத்தானே பாவம். பக்கத்துல ஒரு அம்மா விசும்புனாங்க, என்னன்னு கண்ணைத் தெறந்தேன். ஆறாவது கண்ணாடின்னு அப்புறம் சொன்னாங்க. பெட்டி, சுத்தி லில்லிப் பூ, நெஞ்சு மேல கை ரெண்டும். அந்தச் சுண்டுவிரல் மட்டும் சேராம நிக்குது.

உண்மையா நடந்த கதைன்னு பாடுனவன் ஆரம்பத்துலயே சொல்லிட்டான் தம்பி. போட்டோ வேற. போட்டோ பொய் சொல்லுமா?

வாசல்ல அந்தப் பாட்டை அச்சடிச்சு வித்துக்கிட்டிருந்தாங்க. ஒரு தாள் வாங்குனேன். எதுக்குன்னு தெரியல, வெறுங்கையோட போய் அந்தச் சேதியைச் சொல்ல முடியாதுன்னு தோணுச்சு. என் வீட்டுக்காரி கெசியா உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தா. சொன்னேன். அழல. பெட்டி நல்ல பெட்டியான்னு கேட்டா. பித்தளைக் கைப்பிடி போட்டதுன்னேன். தலை சீவி விட்டிருந்தாங்களான்னா. ஆமான்னேன். அப்புறம் மிச்சக் கிழங்கையும் உரிச்சு முடிச்சா.

அடக்கம் பண்ண எடம் தெரியாது, போய் நிக்கிறதுக்கு ஒரு கல்லு கூடக் கெடையாது. அந்தத் தாளை ஹார்மோனியத்து மேல வச்சு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வாசிச்சா. சபையில போதகரும் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாரு.

நியூயார்க்குக்கு எழுதிக் கேக்கலையான்னா, எங்கன்னு எழுதறது? மேடையில பாடப் போறேன்னு சண்டை போட்டுட்டு ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஊருக்குப் போனவ. படியிறங்குனா பொண்ணே இல்லன்னேன், இறங்கிட்டா. கடுதாசியா? தபால் விஷயமெல்லாம் யாரு கண்டா. நீங்க என் கேள்விக்குச் சொல்லுங்க.

என்னது, வேஷமா? மொட்டை மாடியில வச்சு எடுக்கறதா? அப்ப அந்தப் பெட்டி? வாடகைக்கா! லில்லி, மெழுகுல செஞ்சதா? காலையில கல்யாணப் பொண்ணு, மத்தியானம் பொணம், ஒரே சம்பளமா? விளையாடாதீங்க தம்பி, நான் வயசானவன்.

இருங்க. கண்ணாடி ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கே, அதைப் படிங்க. எனக்கு வெல்ஷ் மொழிதான் படிக்க வரும். இந்த வருஷமா? மார்ச்சா? மறுபடி படிங்க. இப்ப ஏப்ரல்தானே? அப்ப போன மாசம் இவ துடுப்பைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சிருக்கா.

கொஞ்சம் உக்காந்துக்கறேன். இல்ல, தண்ணியெல்லாம் வேண்டாம். கன்னம் கொஞ்சம் ஒட்டிப் போயிருக்குல்ல? அங்க சாப்பாடு சரியில்ல போலிருக்கு. கழுதை, எப்பவும் கொறிச்சுக்கிட்டுத்தான் இருப்பா, ஒழுங்கா உக்காந்து தின்ன மாட்டா.

படம் எடுக்கற கம்பெனி அட்ரஸை ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுங்க தம்பி. பெருசா எழுதுங்க, நான் பாத்து எழுத்து எழுத்தா வரைஞ்சு அனுப்பணும்.

என்ன சொன்னீங்க? ஓடிப்போய் முதல்ல அவ அம்மாகிட்ட சொல்லணுமா?

கெசியா மேட்டுச் சபைக் கல்லறையில இருக்கா தம்பி. பிப்ரவரி பதினொண்ணு. டாக்டர் காய்ச்சல்னு எழுதிக் குடுத்தாரு. நவம்பர்லேர்ந்து தட்டுல சோத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கிட்டிருந்தவளுக்குக் காய்ச்சல் என்னத்துக்கு? அதுக்கப்புறம் நான் சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வர்றேன். அந்தப் பழைய பாட்டைத் திரும்பப் போடுவாங்களா, பொண்ணு மூஞ்சியை இன்னொரு தடவை பாக்கலாமான்னு.

இல்ல, உங்க மேல என்ன தப்பு. தெரியாமத்தானே கேட்டீங்க.

கடுதாசி வந்துச்சு தம்பி. பதினோரு கடுதாசி, ஆகஸ்ட் வரைக்கும். அப்புறம் நின்னு போச்சு, அதனாலதான் படத்தைப் பாத்ததும் நம்பிட்டேன். தபாலாபீஸ் நான் வேலைக்குப் போற வழி, நான்தான் போய் வாங்குவேன். ஒண்ணையும் பிரிக்கல. வேண்டாம்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன், வீட்டுக்குக் கொண்டு போகவே இல்ல. இன்னிக்குப் பெட்டிக்குள்ள படுக்க வச்சாங்கம்மா, சிரிப்பை அடக்க முடியலன்னு அதுல ஒண்ணுலயாவது எழுதியிருப்பா. உறை மேல என் பேரு இல்ல. பதினொண்ணுலயும் கெசியா பேருதான் இருந்துச்சு.