நாற்பத்தொன்றாம் பக்கத்துச் சக்கரம்

கடைக்காரர்: ஏணியில ஏறாதீங்க டெய்லரம்மா... நாலாவது படி ஆடும்.

டெய்லரம்மா: நான் பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து ஆடுது. இன்னிக்கா விழப்போகுது?

கடைக்காரர்: இன்னியோட கடையை மூடுறேன். விழணும்னா அதுக்கும் இன்னிக்குத்தான் வேளை.

டெய்லரம்மா: நெசமாவே மூடுறீங்களா அண்ணே? வாடகைக்குப் புத்தகம் குடுக்க இந்த ஊர்ல வேற யார் இருக்கா?

கடைக்காரர்: வாங்க மட்டும் யார் இருக்கா? நீங்க, ஏட்டையா, கணக்கு வாத்தியார். மூணு பேரை வச்சுக்கிட்டு சீட்டுகூட ஆட முடியாது. நாளைக்குப் பழைய பேப்பர்க்காரன் வண்டியோட வர்றான். வேணுங்கறதை அள்ளிக்கிட்டுப் போங்க.

டெய்லரம்மா: பாதி விலைக்கா?

கடைக்காரர்: சும்மாவே எடுங்க.

டெய்லரம்மா: அய்யய்யோ... நீங்க பேரம் பேசலேன்னா எனக்குப் பயமா இருக்கு.

கடைக்காரர்: எனக்கும்தான். ...என்ன, கதையைப் பாக்காம எல்லாத்துலயும் நாப்பத்தொண்ணாம் பக்கத்தையே புரட்டுறீங்க?

டெய்லரம்மா: சக்கரம் இருக்கறதைத்தானே எடுக்கணும்.

கடைக்காரர்: புத்தகத்துல கிறுக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எவன் கேட்டான்? படிச்சதையே மறுபடி எடுத்துடக் கூடாதுன்னு ஆளுக்கொரு குறி. ஏட்டையா மீசை வரைவார். வாத்தியார் கேள்விக்குறி. உங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டுறவரு... சக்கரம்.

டெய்லரம்மா: அத்தைக்கு அந்தச் சக்கரம் இருந்தாத்தான் கதையே. கண்ணு சுத்தமா மங்கிப் போச்சு. நான் படிச்சுக்கிட்டே அந்தப் பக்கத்துக்கு வந்ததும் விரலால தடவுவாங்க. "பாத்தியா, என் புள்ள இதைப் படிச்சிருக்கான்... எங்கயோ இருக்கான்"னு...

கடைக்காரர்: மூணு வருஷமாவா?

டெய்லரம்மா: லாரி ஆத்துல விழுந்த நாளிலேர்ந்து. வண்டியைத் தூக்கினாங்க, ஆளைக் காணோம். அத்தை அழவே இல்லையே! "கதையில இளவரசன் வெள்ளத்துல போனான். உடம்பு கிடைச்சுதா? அடுத்த பாகத்துல தாடி வச்சுக்கிட்டு, அதே அரண்மனையில குதிரைக்காரனா வந்து நிக்கலையா?"ங்கறாங்க.

கடைக்காரர்: சரியாத்தானே சொல்றாங்க. சரித்திரக் கதையில உடம்பு கிடைக்கலேன்னா ஆள் வருவான். அது சட்டம்.

டெய்லரம்மா: அந்தச் சட்டத்தை எழுதினவன் எங்க ஊர் ஆத்தைப் பாத்திருக்க மாட்டான்.

கடைக்காரர்: அப்படிச் சொல்லாதீங்க. அவர் இங்க வந்துட்டுத்தானே போறார்? போன வாரம் வந்த புத்தகத்துலகூட சக்கரம் இருக்கே...

டெய்லரம்மா: நீங்க ஒரு தடவைகூடப் பாக்கலையே அண்ணே.

கடைக்காரர்: நான் சாப்பிடப் போற நேரமாப் பாத்து வர்றார்போல. கூச்ச சுபாவம்...

டெய்லரம்மா: கூச்சமா? தன் கல்யாண விருந்துலயே மூணு தடவை உக்காந்து சாப்பிட்ட மனுஷன்! ...சரி, அந்த இளவரசன் கதை, அஞ்சாம் பாகம் எங்க? அதுதானே கடைசி?

கடைக்காரர்: முந்தாநாள்தான் வந்துச்சு. இந்தாங்க. அட்டை போட்டதோட சரி, கடையைக் காலி பண்ற அவசரத்துல...

டெய்லரம்மா: முப்பத்தொம்பது... நாப்பத்தொண்ணு... இதுல சக்கரம் இல்லையே.

கடைக்காரர்: இல்லையா? ...குடுங்க. உள்ள கொண்டுபோய் வெளிச்சத்துல பாக்கறேன்.

டெய்லரம்மா: உள்ள ஏது வெளிச்சம்? பல்பு போயி ஒரு மாசம் ஆச்சுன்னீங்க.

கடைக்காரர்: இல்ல... தையல் பிரிஞ்சிருக்கான்னு...

டெய்லரம்மா: தையலை எனக்குப் பாக்கத் தெரியாதா?

கடைக்காரர்: அதுக்கில்ல... இதோ, ஒரே நிமிஷம், வந்துடறேன்.

டெய்லரம்மா: பேனாவை மூடுங்க அண்ணே. சட்டையெல்லாம் மை.

கடைக்காரர்: தங்கச்சி... தப்புதான். லாரி விழுந்த மறுவாரம் இங்க வந்து நின்னீங்க. புதுப் புத்தகத்தையெல்லாம் ஒவ்வொண்ணாத் திறந்து பாத்து, மூடி மூடி வச்சீங்க. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. ஒண்ணே ஒண்ணுல போட்டேன். ஒண்ணோட நிறுத்த முடியுதா? உடம்புதான் கிடைக்கலையே... எப்படியும் வந்துடுவார், வந்தா மிச்சத்தை அவரே போட்டுக்குவார்னு...

டெய்லரம்மா: உடம்பு கிடைச்சுது அண்ணே. லாரி விழுந்த ரெண்டாம் மாசமே. ரொம்பத் தூரத்துல, ஒரு மதகுல மாட்டிக்கிட்டு... முகம் இல்ல. சட்டைக் காலர்ல என் தையல் இருந்துச்சு. ஒத்தை ஆளாப் போய், எல்லாத்தையும் முடிச்சுட்டு, அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நேரா இங்கதான் வந்தேன். புதுசா வந்த புத்தகம்னு ஒண்ணைக் குடுத்தீங்க... சக்கரத்தோட. அதைத்தான் கொண்டுபோய் அவங்க கையில வச்சேன். ...உள்ள எதுக்கு, இங்கயே உக்காந்து போடுங்க. சக்கரம் இல்லாத புத்தகம் அந்த அடுக்குல எத்தனை இருக்கோ அத்தனைக்கும். நல்லா அழுத்திப் போடுங்க அண்ணே... அவங்க விரல்ல தட்டுப்படணும்.