பம்பருக்குக் கீழே முடிகிற குழாய்

ஹலோ... ஆங், சொல்லு அறிவு... இல்ல இல்ல, பேசலாம். லைப்ரரில கூட்டம் இல்ல. பேப்பர் படிக்கிற பெரிசு ஒருத்தரு தூங்கிக்கினு கீறாரு, அவ்ளோதான். இரு, வாசலுக்கு வந்துர்றேன்... ம், இப்ப சொல்லு.

எங்க, மந்தைவெளியா? இனாயத் பாய் ஷெட்டுல நிக்கிறியா... அத்தையும் கூட கீறாங்களா... ஆமா, இன்னிக்கு புதன்கெழமைல்ல. டயாலிசிஸ் முடிச்சுட்டு நேரா அங்க போயிட்டியா. உங்கம்மா களைச்சுப் போயிருப்பாங்களேடா, வூட்ல வுட்டுட்டு வந்திருக்கலாம்... சரி, சரி. பெரும்பாக்கம் போய்ட்டுத் திரும்பி வந்தா பொழுது போயிடும், ஆமா. ஒரு இளநி வாங்கிக் குடு... ஐயோ, ஆமா, கிட்னிக்கு அது ஆவாதுல்ல அவங்களுக்கு. மறந்துட்டேன்.

கார்ல இன்னா மாட்டப் போற?... ம்... காத்து இழுக்குற குழாயா.

...பெட்டியப் பிரிச்சுட்டியா... செவப்பு ஃபில்டரா, கூம்பு மாதிரி... தெரியாம இன்னா. என் வண்டில இருந்ததே அதுதான.

வேணாம் அறிவு. போடாத. கம்பெனில வந்த ஃபில்டர் டப்பாவே இருக்கட்டும்... காரணம் இன்னா காரணம். இந்த ஊரு தூசிக்கு அது தாங்காது. மாசத்துக்கு ஒரு தபா கழுவி எண்ணெ போடணும். நீ உன் மூஞ்சிய கழுவுறதே பெருசு... சிரிக்காதடா, நெசமாத்தான் சொல்றேன்... ஆமா, பிக்கப் கொஞ்சம் வரும், இல்லன்னு சொல்லல. சத்தம் அதவிட ஜாஸ்தி வரும். நீ இன்னா ரேசுக்கா போற? அத்தைய வாரத்துக்கு மூணு தபா மயிலாப்பூருக்கு இட்டார்ற, அதுக்கு எதுக்கு இதெல்லாம்... ஏசி போட்டா பாலம் ஏற மாட்டேங்குதா. ஏசிய அணைச்சுட்டு ஏறு... அது சரி. வேர்த்தா அவங்களுக்கு மயக்கம் வந்துடும். அது சரி.

...நான் போட்டேன்தான். ஆமா... ஆமா, அந்தச் சத்தம் கேட்டு ஷீலா சிரிச்சா. எருமைக்கு தும்மல் வந்தாப்பல கீதுன்னா. நீ பின் சீட்ல இருந்தல்ல அன்னிக்கு... ம்... உங்க அக்கா அப்டித்தான் பேசுவா.

...பாய் இன்னா சொன்னாரு?... மாட்டுறதுக்கு முன்னாடி தணிகாசலத்த ஒரு வார்த்த கேட்டுக்கோன்னாரா, என்னையத்தானா. அவ்ளோதானா? வேற ஒண்ணும் சொல்லலியே?... சரி.

அறிவு, வண்டிகிட்டதான கீற? பானெட் தொறந்து கீதா? பழைய டப்பாவுக்குக் காத்து உள்ள போற வாய் எங்க கீதுன்னு பாரு... ஹெட்லைட்டுக்கு மேல, ரேடியேட்டர் பக்கத்துல... பாத்தியா. உன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழ இருக்கும். இப்ப அந்தப் புதுக் குழாய் எங்க போய் முடியும்னு பாயக் காட்டச் சொல்லு... ம். கீழ போவும். ஃபாக் லைட்டுக்குப் பின்னால, பம்பருக்குக் கீழ. உன் மொழங்கால் உசரம்கூட வராது... ஆமா, குளுந்த காத்து அங்கதான் கெடைக்கும்னு வெச்சிருக்கான்.

பெரும்பாக்கத்துல போன மழைக்கு எவ்ளோ தண்ணி நின்னுச்சு?... மொழங்காலு. அதுலதான அத்தைய இட்டுக்கினு வந்த. டயாலிசிஸ ஒரு தபாகூட வுட முடியாதுன்னு... அதத்தான்டா சொல்றேன்.

...மழை வந்தா கழட்டிட்டுப் பழச மாட்டிக்குவியா.

...இல்ல. கீறேன். லைன்லதான் கீறேன்.

நானும் அப்டித்தான் சொன்னேன் அறிவு. இதே பாய்கிட்ட... இரு. கொஞ்சம் பேசாம கேளு. போன வருசம் ஐப்பசி பொறந்ததும் பாய் போன் பண்ணாரு. பழசக் கொண்டா, மாட்டிடலாம், மழை வருதுன்னாரு. டப்பா வூட்ல பரண் மேல கெடந்துச்சு. இந்த ஞாயித்துக்கெழம, அடுத்த ஞாயித்துக்கெழமன்னு தள்ளிக்கினே போனேன். ஒரு மணி நேர வேலை... ஆமா. அதுக்குள்ள ஒரு வியாழக்கெழம காலைல உங்க அக்காவுக்கு நெஞ்சு வலி வந்துச்சு.

...தண்ணில வண்டி நின்னுச்சு, அது எல்லாருக்கும் தெரியும். ஏன் நின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது... பெரிய தண்ணி இல்லடா. எங்க தெரு தாண்டுனா, அசோக் நகர் மெயின் ரோட்டுக்கு நடுவுல கருப்பு மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லு வரிசை கீதுல்ல. அது பாதி வெளிய தெரிஞ்சா வண்டி போவும். ஏழு வருசமா அதான் என் கணக்கு. எத்தினி மழைல போயிருக்கேன். அன்னிக்கும் பாதி தெரிஞ்சுது. கல்லு தெரியுது ஷீலா, போயிடலாம்னேன்... அந்தக் கணக்கு பழைய டப்பாவுக்கு, அறிவு. குழாய மாத்துனவன் கணக்க மாத்தல.

...ஆமா... ஆமா. தண்ணிய இஞ்ஜின் உள்ள இழுத்துருச்சு. பாய் பிரிச்சுப் பாத்தாரு, உள்ள ராடே வளைஞ்சு கெடந்துச்சு. நான்தான் அவரு கையப் புடிச்சு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்க எல்லாம் வர்றதுக்குள்ள குழாயக் கழட்டிட்டுப் பழச மாட்டிட்டோம்... அவர ஒண்ணும் சொல்லாத. அவரு மேல தப்பு இல்ல. எவ்ளோ நாள் அவரும் தாங்குவாரு, அதான் இன்னிக்கு என்கிட்டயே அனுப்பிட்டாரு.

...தெரியும்டா. தெரியும். சாவு வூட்ல உங்க பெரிப்பா, வேற ரோடு இல்லையான்னு கேட்டாரு. நீ அவரு சட்டையப் புடிச்ச. மாமாவ ஒரு வார்த்த பேசாதன்ன. நான் அங்கதான் ஒக்காந்திருந்தேன். வாயத் தொறக்கல.

...திட்டு. திட்டிக்கோ... ம்... ம்.

...இல்ல, அவங்ககிட்ட குடுக்காத. நான் நேர்ல வந்து சொல்றேன். அறிவு, இப்ப வேணாம், மிசின்லேந்து இப்பதான எறங்கி வந்திருக்காங்க... நீயே சொல்லுடா... அறிவு...

அத்தை.

...ம். இங்கதான் அத்தை, அடையாறுல, வேலைல... அறிவு சொன்னானா... ஆமா அத்தை. ஆமா. நான்தான் மாட்டுனேன்... யாரும் சொல்லல, நானா ஆசப்பட்டு மாட்டுனேன்... ஆமா. அரை மணி முன்னாடி வந்திருந்தா காப்பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாருல்ல. அந்த அரை மணிதான்.

...கேட்டா அத்தை. வண்டி நின்னதும் இன்னாங்க ஆச்சுன்னு கேட்டா. ஒண்ணுமில்ல, இப்ப ஸ்டார்ட் ஆயிடும்னேன்... வலிதான். பல்லக் கடிச்சுக்கினு ஒக்காந்திருந்தா... இல்ல, ஒடனே எறங்கல. சாவியத் திருப்பிக்கினே இருந்தேன். டக்குனு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான். பத்து நிமிசம் இருக்கும்... ஆமா, பத்து நிமிசம். தண்ணி பூந்த இஞ்ஜின் கெளம்பாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கை திருப்பிக்கினே இருந்துச்சு. அப்புறம் ஒரு மீன்பாடி வண்டிக்காரரு பாத்துட்டு ஓடியாந்தாரு. அவருதான் கதவத் தொறந்து தூக்கி, அவரு மூணு சக்கர வண்டில வெச்சுத் தண்ணில தள்ளிக்கினு போனாரு.

...வேறயா?

...வேற ஒண்ணும் சொல்லல... அத்தை...

...சொன்னா. எறங்கி நடந்துடலாமாங்கன்னு கேட்டா.

நான்தான் வேணாம்னேன்.

...ம்.

...ம்.

...வரல அத்தை. வர வேணாம்னா வரல... தெவசத்துக்கும் வரல. நீங்களே பண்ணிக்குங்க. அவ போட்டோ ஒண்ணு என்கிட்ட கீது, அது போதும்... சரி. அதையும் அறிவுகிட்ட குடுத்து அனுப்புறேன்.

அத்தை, ஒண்ணே ஒண்ணு, அந்தக் குழாய்... யாரு, பாயா? பாய்கிட்ட பேசுறீங்களா?... கேக்குது. இங்க கேக்குது அத்தை. பழசே இருக்கட்டும்னு சொல்றீங்க... பானெட்ட மூடச் சொல்றீங்க...

அத்தை?

ஹலோ... அறிவு... ஹலோ...