மூன்று நாடுகளின் மரம்

புளியங்குளத்தில் முல்லைத்தீவு பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் இருந்த கமக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "நான் தறிச்ச மரம் மூண்டு நாட்டுக் கணக்கிலை இப்பவும் வளருது, மச்சான்" என்றார்.

"என்ன கதை இது?"

"மூண்டு நாட்டு வெள்ளைக்காரர் சேர்ந்து காட்டு மரங்களுக்கு நம்பர் தகடு அடிச்சவையெல்லே, வருசா வருசம் வந்து சுற்றளவு எடுக்க? அதிலை ஒண்டை வண்டில் செய்யத் தறிச்சுப்போட்டன். பயத்திலை தகட்டைக் கழட்டிப் பக்கத்து மரத்திலை அடிச்சன். அது நல்ல பெரிய மரம்."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரியாதை. இந்த முறை வந்து அளந்திட்டுத் துள்ளுகினம். ஒரு வருசத்திலை இப்பிடி வளந்த மரம் உலகத்திலையே இல்லையாம். மூண்டு நாட்டுக்கும் அறிவிச்சாச்சு. மண்ணிலைதான் விசேசமாம், சுத்திவர வேலி அடைக்கினம். என்ரை வயலும் வேலிக்குள்ளை போயிட்டுது."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான். அவையோடை வந்த கொழும்புத் துரை ஏசிப்போட்டார். மூண்டு நாடும் ஒத்துக்கொண்ட கணக்கை நீ ஆர் மறுக்க எண்டு கேட்டார்."

மச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது. "இனி என்ன செய்யப்போறாய்?"

"காவல்காரன் வேலை தந்திருக்கினம். அந்த மரத்தை ஒருத்தரும் தறிக்காமல் பாக்கிறதுக்கு."