ரோமாபுரியில் நடந்ததாக நான் எழுதிய கொலை

என் பெயர் வீரராகவன், வயது 34. தகப்பனார் காலஞ்சென்ற அருணாச்சலம். கவரைப்பேட்டையில் என் அண்ணன் துளசிராமன் வீட்டில் குடியிருக்கிறேன். பள்ளி ஆசிரியர். வாரப் பத்திரிகைக்குத் துப்பறியும் தொடர்கதையும் எழுதுகிறேன். யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் திருவள்ளூர் மாஜிஸ்திரேட் அவர்கள் முன்பு இதைச் சொல்கிறேன்.

1956 பிப்ரவரி 12ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் பண்ணையாள் பரசுராமனிடம் அந்த வார அத்தியாயத்தைக் கொடுத்து, ரயில் தபாலில் சேர்க்க ஸ்டேஷனுக்கு அனுப்பினேன். அதன் பிறகு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை யோசித்தேன். அன்று தண்ணீர் முறை பக்கத்து நிலத்துக்காரரான பழவேற்காடு அமானுல்லா சாயபுவுடையது. பதினோரு மணி சுமாருக்கு அவர் செருப்பைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கி, என் அண்ணன் போட்டிருந்த மண் அடைப்பை வெட்டினார். அதைப் பார்த்து ஓடிவந்த என் அண்ணனோடு வாய்ச்சண்டை முற்றி, அண்ணன் மண்வெட்டியால் சாயபு தலையில் இரண்டு முறை அடித்தார். முதல் அடிக்கே சாயபு விழுந்துவிட்டார். அதன் பிறகு என் அண்ணன் அடைப்பைச் சரிசெய்துவிட்டுத்தான் உடலைக் கோரைக்குள் தள்ளினார். பிறகு நான் நிற்பதைப் பார்த்து, செருப்பை என் கையில் கொடுத்து ஏரியில் எறியச் சொன்னார். ஒரு செருப்பின் வார் அறுந்து, வலை பின்னும் நூலால் மூன்று சுற்று கட்டியிருந்தது. கல்லோடு சேர்த்துக் கட்டி எறிந்தேன்.

இரண்டாம் நாள் உடல் கிடைத்தது. முந்தின வாரம் தண்ணீருக்காகச் சாயபுவோடு சச்சரவிட்டவன் என்று பரசுராமனைப் பிடித்தார்கள். சச்சரவிடச் சொல்லி அனுப்பியவர் என் அண்ணன். நான் வாய் திறக்கவில்லை. நான் கோழை.

அதன் பிறகு கதை எழுத உட்கார்ந்தால் வேறெதுவும் வரவில்லை. நடந்ததையே ரோமாபுரியில் நடந்ததாக எழுதினேன். சென்னையைத் தாண்டிப் போகாதவன் நான். அண்ணனைச் செனட்டர் ஆக்கினேன், ஏரியை டைபர் நதி ஆக்கினேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். கதையில் துப்பறியும் காயஸ் என்பவன் செனட்டரைப் பிடித்த இதழ் வெளிவந்த வாரத்திலேயே, நான் செஷன்ஸ் கோர்ட்டில் கூண்டேறி, பரசுராமன் அடித்ததைப் பார்த்ததாகச் சொன்னேன். நான் உள்ளே வந்தபோது அவன் எனக்குக் கைகூப்பினான். அன்று காலை அவனை நான் எங்கே அனுப்பினேன் என்று உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். தீர்ப்பு வருகிற திங்கட்கிழமை.

நேற்று மாலை சாயபுவின் மனைவி மெஹர்னிசா பள்ளிக்கூடத்துக்கு வந்து, பத்திரிகையை என் மேஜைமேல் விரித்து, இறந்தவனின் செருப்பு வாரில் மூன்று சுற்று நூல் கட்டியிருந்தது என்ற வரியில் விரலை வைத்தார்.

“இத நான்தான் கட்டினேன் வாத்தியாரே, அன்னிக்கு விடியக்காலைல. போலீசுக்குக் கூட செருப்பு கெடைக்கல. உங்களுக்கு எப்டித் தெரியும்?”

அவர் அழவுமில்லை, திட்டவுமில்லை. “அந்தப் பரசுராமனுக்கும் பொண்டாட்டி இருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரவெல்லாம் தூங்காமல் கிடந்து, இன்று காலை அண்ணனிடம் இங்கே வரப்போவதைச் சொன்னேன். அவர் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவக்கூட எழவில்லை.

“போய்ச் சொல்லேன்டா. ரோமாபுரின்னு கதை எழுதிக்கினு திரியற ஆளு நீ. இதயும் கதைன்னுதான் சொல்லுவானுங்க. கோர்ட்ல ஒண்ணு சொன்னே, இப்ப ஒண்ணு சொல்றே, உன் பேச்ச எவன் நம்புவான்?”

அவர் சொன்னதில் தப்பில்லை. என்னை நம்ப ஒருவருக்கும் காரணமில்லை. பொய்ச்சாட்சிக்கு உண்டான தண்டனையை எனக்குக் கொடுக்கட்டும். ஏரியில் செருப்பை எறிந்த இடத்தைக் காட்டுகிறேன், ஆள் இறக்கித் தேடச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் தேடச் சொல்லுங்கள் ஐயா.

மேலே சொன்னதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். இதில் ஊர்ப் பெயரையோ ஆள் பெயரையோ நான் மாற்றவில்லை.

(ஒப்பம்) அ. வீரராகவன்